அப்புச்சி வீட்டு உத்தரம்: இரண்டு தேக்குத் துண்டுகளில் ஒரு காட்டைத் தேடியது

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டைப் பிரித்தபோது இரண்டு உத்தரங்களும் சில கைமரங்களும் முழுசாகக் கிடைத்தன. எல்லாமே தேக்கு. பிரிக்க வந்த ஆசாரி முதல் நாளே ஒரு உத்தரத்தின் முனையை வாச்சியால் லேசாகச் செதுக்கி, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது நட்டு வளத்த தேக்கு இல்லீங்க. காட்டுத் தேக்கு. வரி எவ்வளவு நெருக்கமா ஓடுது பாருங்க."

அந்த வரிகளை எண்ணிப் பார்க்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. காரணம், அந்த வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு. தாது வருசப் பஞ்சம் முடிந்த கையோடு கட்டிய வீடு என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லிக்கொண்டிருந்தார். பரம்பிக்குளம் மலைக்காட்டிலிருந்து ட்ராம்வேயில், அதாவது மரம் இறக்கப் போட்ட சிறு ரயிலில், இறங்கிய மரம், அப்புச்சியின் அப்பா சாலக்குடி டிப்போவில் வாங்கி வந்தது என்பது பெரிய மாமாவின் பேச்சு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. தாது வருடம் 1876-77. கொச்சி சமஸ்தானத்தின் காட்டு ட்ராம்வே ஓடத் தொடங்கியது 1907-இல். நடுவே முப்பது வருடம் இடிக்கிறது.

மரத்திடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தோம். கேட்ட கேள்விக்கு அது இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கேட்காத சிலவற்றைச் சொன்னது. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

தேக்கு ஏன் பேசும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றை அறுத்துப் பார்த்தால் தெளிவான ஆண்டு வளையம் தெரியாது. வருடம் முழுக்க ஈரம் இருந்தால் மரத்துக்கு நின்று தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேக்கு வேறு மாதிரி. கோடையில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு நிற்கும். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் துளிர்க்கும். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படை அப்போது விழித்து, முதலில் பெரிய பெரிய குழாய்களாகக் கட்டும். இலைக்குத் தண்ணீர் வேகமாகப் போக வேண்டுமே. தென்மேற்குப் பருவமழை முழுக்க வளர்ந்து, மழை ஓய்ந்ததும் குழாய்கள் சிறுத்து, மரம் அடர்ந்து, நின்றுவிடும். அடுத்த சித்திரையில் மீண்டும் பெரிய குழாய் வரிசை. அந்த வரிசைதான் நாம் கண்ணால் பார்க்கும் கோடு. கைலென்ஸ் இருந்தால் ஊசி முனையால் குத்தி வைத்தது போலத் தெரியும்.

மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வளையம் அகலம், தவறிய வருடத்தில் ஒடுக்கம். இது தோராயமான விதிதான். ஆனால் இந்தத் தோராயத்தைப் பல மரங்களில் ஒப்பிட்டுச் சலித்தால் உறுதியான செய்தி கிடைக்கும். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்காவ்ங்கர் குழுவினர் கேரளத்தில் மூன்று இடங்களின் தேக்கு மரங்களை வைத்து 1481 முதல் 2003 வரை 523 வருடங்களுக்கு ஒரு வளைய வரிசை கட்டினார்கள். 2010-இல் அது வெளிவந்தது. பருவமழை பொய்த்த வருடங்களும் எல் நினோ வருடங்களும் அதில் ஒடுங்கிய வளையங்களாக நிற்கின்றன. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் பரம்பிக்குளம் தேக்கில் வளைய அகலத்தோடு நிற்காமல், அந்த முதல் வரிசைக் குழாய்களின் பரப்பையே அளந்து மழையின் தடத்தைத் தேடினார்கள். எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கத்து மரங்கள் அவை.

அறுத்தது, தேய்த்தது, எண்ணியது

ஆசாரி ஒவ்வொரு உத்தரத்தின் முனையிலிருந்தும் இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். பிறகு உப்புத்தாள் வேலை. முரட்டுத் தாளில் தொடங்கி நைசான தாள் வரை ஆறு விதம். வளையம் படிப்பதில் பாதி உழைப்பு இதுதான். சரியாகத் தேய்க்காத துண்டில் எண்ணுவது அழுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது மாதிரி. தேய்த்து முடித்ததும் பொள்ளாச்சியில் ஒரு டிடிபி கடையில் ஸ்கேனரில் வைத்து 1200 டிபிஐ-யில் படம் எடுத்தோம். கணினித் திரையில் பெரிதாக்கிப் பத்து வளையத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் அக்கா மகள் தனியாக எண்ணினாள்.

முதல் துண்டை 'அ' என்று வைத்துக்கொள்வோம். எனக்கு 118 வந்தது. அவளுக்கு 121. மறுபடி நான் எண்ணினால் 116.

எண்ணுவதில் என்ன தகராறு இருக்க முடியும் என்று தோன்றும். இருக்கிறது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரியாவும் பட்டும் தேக்கின் பொய் வளையங்களைப் பற்றி ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். பருவத்தின் நடுவே மழை சில வாரம் நின்றுபோனால் மரம் வளர்ச்சியை நிறுத்தி, மழை திரும்பியதும் மறுபடி தொடங்கும். ஒரே வருடத்தில் இரண்டு கோடு. இன்னொரு காரணம் இலைப்புழு. முதல் மழைக்குத் துளிர்த்த இலையைத் தேக்கு இலைப்புழு கூட்டம் கூட்டமாக வந்து நரம்பு மட்டும் மிஞ்சத் தின்றுவிடும். மரம் மறுபடி துளிர்க்க வேண்டும். நிலம்பூரில் இளம் தோட்டங்களில் செய்த சோதனையில், இந்தப் புழுவால் மட்டும் மரத்தின் கன அளவு வளர்ச்சியில் 44 விழுக்காடு இழப்பு என்று கண்டார்கள். ஆக, ஒடுங்கிய வளையம் என்றாலே வறட்சி என்று நினைக்கக் கூடாது. புழுவாகவும் இருக்கலாம்.

ஒரு வளையம் ஒரு வருடம்தானா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் இடமும் கேரளத்திலேயே இருக்கிறது. நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலியின் காலத்தில், சாத்து மேனோனின் பொறுப்பில், 1840-களில் தேக்கு நட்டார்கள். 1846-இல் நட்ட பகுதி இன்றும் கனோலி பிளாட் என்ற பெயரில் நிற்கிறது. நட்ட வருடம் தெரிந்த மரம் விழுந்தால், வளையத்தை எண்ணி ஏட்டோடு ஒப்பிட்டுவிடலாம். தேக்கு இந்தச் சோதனையில் தேறும் மரம். அதனால்தான் நம்பி எண்ணுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

'அ' துண்டில் உள்ளிருந்து 71-ஆவது வளையம் நூலிழை போல ஒடுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாது வருசம்தான் நினைவுக்கு வந்தது. 1877-இல் நாடு முழுக்கப் பருவமழை பொய்த்தது எல்லாரும் அறிந்தது. அந்த வளையத்தை 1877 என்று வைத்தால், 119 என்று எடுத்துக்கொண்ட கடைசி வளையம் 1925 ஆகிறது. மரம் 1925-க்குப் பிறகு வெட்டப்பட்டது, ட்ராம்வே அப்போது ஓடிக்கொண்டிருந்தது, மாமா சொன்னது சரி. அன்றிரவே மாமாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள் இரண்டாவது துண்டை, 'ஆ'வை, எடுத்து வைத்துப் பார்த்ததும் அது உடைந்தது.

இந்தத் துறையின் அடிப்படை எண்ணுவதில் இல்லை, பொருத்துவதில் இருக்கிறது. ஒரு மரத்தின் வளைய அகலங்களை வரிசையாக எழுதி, இன்னொரு மரத்தின் வரிசையைப் பக்கத்தில் வைத்து, ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றாக வரும் இடம் கிடைக்கும் வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரே காட்டில், ஒரே மழையில் நின்ற மரங்கள் என்றால் அப்படி ஒரு இடம் கிடைக்கும். 'ஆ'வில் 97 வளையம். கட்டம் போட்ட தாளில் ஒடுங்கிய வளையங்களை மட்டும் கோடாக வரைந்து, இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தினோம். 'ஆ'வின் முதல் வளையம் 'அ'வின் 36-ஆவது வளையத்தோடு வந்து நின்றபோது மூன்று இடங்கள் சேர்ந்து பொருந்தின. 'அ'வில் 58, 64, 92. 'ஆ'வில் 23, 29, 57. நடுவே இருக்கும் அகலமான வளையங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்கின. அக்கா மகள் எண்ணிய 121-இல் இரண்டு பொய் வளையம் என்பதும், நான் விட்டுவிட்டது எந்த வளையம் என்பதும் இந்தப் பொருத்தத்தில்தான் வெளிவந்தன. 119 உறுதியானது.

அப்புறம் அந்த 71? அதற்கு நேரான 'ஆ'வின் 36-ஆவது வளையம் சாதாரணமாக, நல்ல அகலத்தோடு இருந்தது. நாடே காய்ந்த வருடம் என்றால் பக்கத்து மரம் மட்டும் எப்படிச் செழிக்கும்? அந்த வருடம் 'அ' மரத்துக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. புழு தின்றிருக்கலாம், பெரிய கிளை முறிந்திருக்கலாம். அது பஞ்சத்தின் வளையம் இல்லை. மாமாவுக்கு மறுபடி போன் செய்து, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். "சரி விடப்பா, நிதானமாப் பாரு" என்றார்.

ஒரே ஒரு ஒடுங்கிய வளையத்துக்கு ஆண்டு குறிப்பது இந்த வேலையில் வரக்கூடிய மோசமான ஆசை. வரலாற்றில் நமக்குத் தெரிந்த பஞ்சம் ஒன்று இருக்கும், மரத்தில் ஒடுங்கிய கோடு ஒன்று இருக்கும், இரண்டையும் சேர்த்து வைத்துவிட மனம் துடிக்கும். பொருத்தம் என்றால் வரிசை முழுக்கப் பொருந்த வேண்டும்.

காடு சொன்னது

இரண்டும் சேர்ந்து இப்போது 132 வருட வரிசை. எந்த வருடத்தில் தொடங்கி எந்த வருடத்தில் முடிகிறது என்று தெரியாது என்பதால் இதை மிதக்கும் வரிசை என்பார்கள். ஆண்டு தெரியாவிட்டாலும் முன்பின் தெரியும். என்னைக் கட்டிப்போட்டது இந்த முன்பின்தான்.

'அ' மரத்தின் முதல் நாற்பது வருடங்கள் நெருக்கடியானவை. வளையங்கள் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பொதுவாக இள மரத்தின் வளையம்தான் அகலமாக இருக்கும், வயதாக ஆகச் சுருங்கும். இங்கே தலைகீழ். பிறகு 43-ஆவது வளையத்தில் திடீரென்று அகலம் இரண்டு மடங்காகி, பதினைந்து வருடத்துக்கு அப்படியே நிற்கிறது. நல்ல மழை ஒரு வருடத்தை, இரண்டு வருடத்தை அகலமாக்கும். பதினைந்து வருடம் நீடித்தால் அது மழையின் வேலை இல்லை. மரத்துக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் எதுவோ போயிருக்கிறது.

பழங்காடுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தேடுவது இந்த விடுதலையைத்தான். அமெரிக்காவின் ஓக் காடுகளை ஆராய்ந்த நோவாக்கியும் ஏப்ரம்ஸும் 1997-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். முந்தைய பத்து வருடச் சராசரியைவிட அடுத்த பத்து வருடச் சராசரி 25 விழுக்காடாவது கூடினால், மேலே காட்டின் இலைக்கூரை திறந்தது என்று கொள்ளலாம். பருவமழையில் வளரும் தேக்குக்கு இந்த 25 போதாது என்பது என் எண்ணம். நமக்கு மழையே அவ்வளவு ஏறி இறங்கும். ஆனால் எங்கள் துண்டில் ஏறியது 25 இல்லை, நூற்றுக்கு மேல்.

எது போயிருக்கும்? பெரிய மரம் ஒன்று காற்றில் விழுந்திருக்கலாம். கோடாலி வந்திருக்கலாம். ஆசாரி மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்.

"மூங்கில் பூத்துச் செத்திருக்குமுங்க. எங்க தாத்தா காலத்துல ஒருக்கா அப்படி ஆச்சாம். மலையே மஞ்சளாப் போச்சுன்னு சொல்வாரு."

நான் யோசிக்காத விஷயம் அது. தேக்குக் காட்டில் முள்மூங்கில் நெருக்கி வளரும். நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை மொத்தக் காடும் ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, காய்ந்து போகும். அந்தக் காய்ந்த மூங்கில் எரிந்தும் மக்கியும் போன இடத்தில் தேக்குக்குச் சட்டென்று வானம் திறக்கும். 'ஆ' மரத்தில் அதே விடுதலை இரண்டு வருடம் தள்ளி, கொஞ்சம் மெல்ல வருகிறது. ஒரு மரம் விழுந்தால் அதைச் சுற்றிய நாலைந்து மரங்களுக்குத்தான் வெளிச்சம். மூங்கில் செத்தாலோ காடு வெட்டப்பட்டாலோ மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் விடுதலை தெரியும். இரண்டே மரம் வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. இருபது மரம் இருந்தால் எழுதலாம்.

இன்னொன்று. காட்டுத் தீ அடிமரத்தில்தான் தழும்பு விடும். உத்தரத்துக்கு வந்ததோ அடிமரத்துக்கு மேலே இருந்த துண்டு. தீயின் பக்கம் காட்டில் அடிக்கட்டையாகவே நின்று மக்கிவிட்டது. மழையும் வெளிச்சமும் மட்டும் வீட்டுக்கு வந்திருக்கின்றன.

மிஞ்சிய மரங்களும் போன மரங்களும்

பரம்பிக்குளத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தூணக்கடவு அருகே கன்னிமாரா தேக்கைப் பார்ப்பார்கள். நாங்களும் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போனோம். கேரளத்துக் காடு என்றாலும் வண்டி போகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்துதான் வழி. அந்த மரத்தை ஐந்து பேர் கை கோத்தால்தான் அணைக்க முடியும். 450 வருடத்துக்கு மேல் என்கிறார்கள். வெட்ட முயன்றபோது ரத்தம் கசிந்தது, அதனால் விட்டுவிட்டார்கள், கன்னித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்பது அங்கத்திய மக்களின் நம்பிக்கை.

அந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். காட்டில் எந்த மரம் மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்பதற்கு அது ஒரு நேரான சாட்சி. சாமி மரம் மிஞ்சியது. உள்ளே பொந்து விழுந்த மரம் மிஞ்சியது. கோணல் மரம், இறக்க முடியாத சரிவில் நின்ற மரம் மிஞ்சின. நேராக, வைரம் பாய்ந்து நின்றவை போய்விட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆனைமலைத் தேக்கு பம்பாயில் கப்பல் கட்டப் போனது. டாப்ஸ்லிப் என்ற பெயரே உச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கி இறக்கியதால் வந்தது. பிறகு 1907 முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை கிட்டத்தட்ட 80 கிலோமீட்டருக்கு ட்ராம்வே. அதை மூட 1951-இல் முடிவெடுத்து, 1963-இல் முழுக்கக் கைவிட்டார்கள். இன்று காட்டில் நிற்கும் மரங்களில் மட்டும் துளை போட்டுப் படித்தால், கோடாலி விட்டுவைத்தவற்றின் வரலாறு மட்டுமே கிடைக்கும். போனவற்றின் வளையங்கள் சாலக்குடியிலிருந்து பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சி வரை நம் வீடுகளின் தலைக்கு மேலே உத்தரமாகவும் கைமரமாகவும் கிடக்கின்றன. வீடுகளும் ஒவ்வொன்றாகப் பிரிபடுகின்றன. பழைய மரத்தை வாங்கிப் போய் இழைத்துச் சோபாவாகச் செய்துவிடுகிறார்கள்.

வீட்டு மரத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மரத்தின் உள்ளே இருக்கும் வைரத்தைக் கேரளத்து ஆசாரிமார் காதல் என்பார்கள், எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லும் புழக்கம்தான். வெளியே இருக்கும் வெளுத்த பகுதி வெள்ளை. வெள்ளையில் பூச்சி விழும் என்பதால் நல்ல ஆசாரி அதைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் உத்தரம் ஏற்றுவார். மரம் வெட்டப்பட்ட வருடத்தின் வளையம் இருப்பதோ பட்டைக்கு அடியில், வெள்ளையின் கடைசி ஓரத்தில். எங்கள் இரண்டு உத்தரத்திலும் நாலு பக்கமும் சுத்தமாகச் சதுரம். ஆகவே இந்த வரிசைக்கு என்றாவது ஆண்டு கிடைத்தாலும் "இன்ன வருடத்துக்குப் பிறகு வெட்டியது" என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பழைய ஆசாரி வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

இந்த நிலையில் எனக்கு ஆறுதலாக இருப்பது ஒரு பழைய நிகழ்ச்சி. வளையம் படிக்கும் கலையை உருவாக்கிய டக்ளஸ் ஒரு வானியலாளர். அமெரிக்காவின் தென்மேற்கில் பழங்குடிகளின் இடிந்த வீடுகளிலிருந்து உத்தரங்களைச் சேகரித்து 585 வருட மிதக்கும் வரிசை ஒன்றை வைத்திருந்தார். உயிருள்ள மரங்களிலிருந்து இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவே இணைப்பு கிடைக்காமல் வருடக்கணக்காகத் தேடினார். 1929 ஜூனில் அரிசோனாவில் ஷோ லோ என்ற ஊரில் கருகிப்போன ஒரு உத்தரம் கிடைத்தது. 1237 முதல் 1380 வரையிலான வளையங்கள் அதில் இருந்தன. அந்த ஒரு கட்டையில் இரண்டு வரிசையும் இணைந்தன, எத்தனையோ வீடுகளுக்கு ஒரே இரவில் வயது கிடைத்தது.

நமக்கு இணைக்க வேண்டிய மறுகரை ஏற்கெனவே இருக்கிறது, அந்த 523 வருட வரிசை. அதில் ஆறு வருடம், இருபத்தெட்டு வருடம் என்ற இடைவெளியில் மூன்று ஒடுங்கிய வளையங்களும், முன்னும் பின்னும் நடுவிலும் மற்றவையும் எங்களுடையவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு இடம் வேண்டும். இரண்டு மரத்தின் சராசரியை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் தற்செயலான பொருத்தம் நாலு இடத்தில் கிடைத்துவிடும். ஒவ்வொரு மரத்தின் சொந்த வியாதியும் சொந்தக் காயமும் சராசரியில் கரைய வேண்டும் என்றால் பத்து மரமாவது தேவை. ஒரு காட்டிலிருந்து வந்தவை என்று நம்பக்கூடிய பத்து மரம்.

அதனால் ஆசாரியிடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் எந்தப் பழைய வீட்டைப் பிரித்தாலும் முனைத் துண்டில் இரண்டு அங்குலம், முடிந்தால் பட்டை ஓரமோ வெள்ளையோ ஒட்டியிருக்கும் மூலையோடு. எந்த வீடு, எந்த அறை, உத்தரமா கைமரமா என்று சாக்பீஸில் எழுதிவிட வேண்டும். இதுவரை ஏழு துண்டு சேர்ந்திருக்கின்றன. அரிசிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். ஒன்றில் வளையங்கள் விரல் அகலம். அது பின்னாளில் ஓடு மாற்றும்போது போட்ட தோட்டத் தேக்கு, இந்த வேலைக்கு உதவாது. மற்ற ஆறும் நெருக்கமான வரி.

போன வாரம் அவரே கூப்பிட்டார். வண்ணாமடையில் ஒரு வீடு பிரிக்கிறார்களாம்.

"தம்பி, அடுக்களைக்கு மேல ஒரு உத்தரம் கிடக்குதுங்க. அடுக்களைதானேன்னு விட்டுட்டாங்க போல, ஒரு பக்கம் செதுக்கவே இல்லை. வெள்ளை அப்படியே இருக்குது, புகை பிடிச்சதுல பூச்சியும் தொடலை. நீங்க வர்ற வரைக்கும் வாளை வைக்கவேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

சனிக்கிழமை போகிறோம்.